நான்கு ஆண்டு பட்டறையில், ஏழு ஆண்டு சாலையில்: ஒரு மாரிஸ் மைனரோடு என் அனுபவம்

சாவியைத் திருப்பியதும் என் காரில் முதலில் குரல் கொடுப்பது பெட்ரோல் பம்ப். எஞ்சின் அறையின் பின்சுவரில் கைக்கு அடங்கும் அளவில் ஒரு மின்பம்ப் இருக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் காலியாக இருந்தால் டக் டக் டக் என்று விரைந்து அடிக்கும். கிண்ணம் நிறைய நிறைய ஓசை தளரும், நிறைந்ததும் அடங்கிவிடும். அது அடங்கும்வரை காத்திருந்து, சோக்கைப் பாதி இழுத்து, அதன் பிறகே ஸ்டார்ட்டர் குமிழை இழுப்பேன். அந்தப் பம்பைக் கழற்றி, உள்ளே கரிந்து கிடந்த தொடுமுனைகளைத் தேய்த்துச் சுத்தப்படுத்தி, டயாஃப்ரம் என்ற சவ்வை மாற்றி, மேசைமேல் வைத்து பேட்டரியில் இணைத்தபோது அது முதன்முதலாக அடித்ததைக் கேட்டவன் நான். அந்த ஓசையில் ஒரு சிறு மாற்றம் வந்தாலும் என் காதுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த அனுபவப் பகிர்வில் நான் சொல்ல வருவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான்.

இந்தக் கார் என்னிடம் வந்து 11 ஆண்டுகள் ஆகின்றன. அதில் நான்கு ஆண்டுகள் அக்கு அக்காகப் பிரிந்து பட்டறையில் கிடந்தது. மீதி ஏழு ஆண்டுகளில் 19,400 மைல், அதாவது ஏறக்குறைய 31,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். பழைய காரைப் புதுப்பிக்கும் ஆசை உள்ளவர்களிடம் வேலை முடிந்த அன்று எடுத்த படத்தைக் காட்டுபவர்கள் நிறையப் பேர். அந்தப் படத்துக்குப் பிறகு ஏழு ஆண்டுகள் என்ன ஆயிற்று என்று சொல்பவர்கள் குறைவு.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். மாரிஸ் மைனர் 1948-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். 1959-ல் மினி காரைத் தந்தவரும் அவரே. உற்பத்திக்குப் போகும் முன் வண்டி ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியிருக்கிறது. முன்மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இரு பாதிகளையும் மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்து, 4 அங்குலம் விலகியபோது கண்ணுக்கு நிறைவாகப் பட்டதால் அதையே அளவாக வைத்துக்கொண்டார். பானெட்டின் நடுவில் முன்னிருந்து பின்வரை ஓடும் தட்டையான பட்டை அந்த 4 அங்குலத்தின் தடம். மெழுகு போட்டுத் துடைக்கும்போது வளைவிலிருந்து அந்தச் சமதளத்துக்குக் கை இறங்கும் இடம் ஒவ்வொரு முறையும் எனக்குத் தட்டுப்படும். 1960 கடைசியில் 10 லட்சம் எண்ணிக்கையைத் தொட்டு, அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் என்ற பெயரும் இதற்குக் கிடைத்தது.

என்னுடையது 1959-ஆம் ஆண்டின் மைனர் 1000. 948 சிசி, நான்கு சிலிண்டர், 37 குதிரைத்திறன். கண்ணாடி ஒரே துண்டாக வளைந்தது. 1956-க்கு முந்தைய மைனர்களில் நடுவே பிரிந்த கண்ணாடி இருக்கும். இதைத் தேர்ந்தெடுக்க எனக்கிருந்த காரணம் எளியது. பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது, எல்லாவற்றுக்கும் கை போகிறது, உதிரிப்பாகங்களும் இன்றும் கிடைக்கின்றன. முதல்முறை இந்த வேலையில் இறங்குபவர்கள் அரிய காரின் மேல் ஆசைப்பட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கதவுக் கைப்பிடிக்காக இரண்டு ஆண்டுகள் தேடுகிற பொறுமை, இரண்டாவது காரில் வந்தால் போதும்.

வாங்கும்போது நான் செய்த தவறு பெயின்ட்டைப் பார்த்தது. வெளிர் பச்சை நிறத்தில் பளபளவென்று நின்றது வண்டி. எனக்குப் பிறகு அதைப் பார்க்க வந்த வயதான டிங்கர் ஒருவர், முன்கதவுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து, நடுவிரல் முட்டியால் தட்டிக்கொண்டே பின்சக்கரம்வரை நகர்ந்தார். முதலில் கணீரென்று கேட்டது. ஒரு சாண் தள்ளி, மரப்பலகையைத் தட்டுவதுபோல மொத்தென்று கேட்டது. "தம்பி, கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பார். தகரம் எது, பட்டி எது என்று காது சொல்லிவிடும்" என்றார். அன்றைக்குப் பட்டியை உடைத்துப் பார்த்தோம். கதவுக்கடியில் ஓடும் சில் முழுவதும் உள்ளே துருத்தூளாகிக் கிடந்தது. யாரோ கம்பி வலையைத் திணித்து, அதன்மேல் இரண்டு விரல் கனத்துக்குப் பட்டி பூசி, தேய்த்து, பெயின்ட் அடித்துவிட்டிருந்தார்கள். ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பட்டியில் காந்தம் ஒட்டாது.

இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலே எலும்பு. ஆகவே சில் உளுத்துப்போனால் அழகு மட்டும் கெடுவதில்லை, வண்டியின் முதுகெலும்பே போகிறது. பழைய சில்லை அப்படியே அறுத்தெடுத்தால் உடல் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு புதுத் தகட்டை எத்தனை நேர்த்தியாக வெல்டிங் செய்தாலும் கதவு பொருந்தாது. கதவு நிற்கும் இடத்தில் குறுக்கே இரும்புச் சட்டங்களை வெல்டிங் செய்து உடலை இறுக்கிப் பிடித்த பிறகே அறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். இந்த ஒழுங்கை அந்தப் பெரியவரிடம் கற்றேன். வெல்டிங்கையும் அவரிடமே கற்றேன். முதல் இரண்டு மாதம் கழிவுத் தகடுகளில் மட்டும் பழகச் சொன்னார். மெல்லிய தகட்டில் தொடர்ந்து கோடு இழுத்தால் சூட்டில் நெளியும். ஒரு புள்ளி இங்கே, ஆறவிட்டு அடுத்த புள்ளி ஒரு சாண் தள்ளி, இப்படிச் சுற்றிச் சுற்றி வந்துதான் இணைப்பை மூட வேண்டும். நான்கு ஆண்டுகளில் இரண்டரை ஆண்டு இந்தத் தகட்டு வேலைக்கே போனது.

அதில் ஒரு சனிக்கிழமை மாலை இன்னும் நினைவில் இருக்கிறது. வலப்பக்கச் சில் முடிந்து, சட்டங்களை அறுத்துவிட்டு, பழைய கதவை அதன் கீல்களில் மாட்டினோம். கதவின் பின்விளிம்பில் மேலே 4 மில்லிமீட்டர் இடைவெளி, கீழேயும் 4. இரண்டு விரலால் தள்ளினேன். 'டொக்' என்று ஒரே ஓசையில் கதவு பூட்டிக்கொண்டது. மறுபடி திறந்தேன், மறுபடி தள்ளினேன். பெரியவர் எதுவும் சொல்லாமல் தன் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். அந்தக் கதவு இன்றும் அதே ஓசையில்தான் மூடுகிறது. கரடுமுரடான சாலைகளில் ஏழு ஆண்டுகள் ஓடிய பிறகும் அந்த 4 மில்லிமீட்டர் மாறவில்லை.

பிரிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பாதியில் கைவிடப்பட்ட பழைய கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கழற்றி, பெட்டிகளில் போட்டு, எது எங்கிருந்து வந்தது என்று மறந்துபோன கார்கள் அவை. ஒவ்வொரு போல்ட்டையும் சிறு பையில் போட்டு, எந்த இடம் என்று எழுதி, கழற்றும் முன் படம் எடுத்து வைத்தேன். முடிந்த இடங்களில் போல்ட்டை அதன் ஓட்டையிலேயே திரும்பச் செருகிவைத்தேன். இன்னொன்று, அங்குல அளவு ஸ்பேனர்களை முதல் நாளே வாங்கிவிடுங்கள். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் உட்காருவதுபோலத்தான் இருக்கும். துருப்பிடித்த நட்டில் பலம் கொடுக்கும்போது வழுக்கி முனைகளை மழுக்கிவிடும்.

பெயின்ட், ஒயரிங், உள்வேலை ஆகியவற்றில் சொல்ல அதிகமில்லை. பெயின்ட் அடிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்தேன். ஒயரிங்கைத் தயாராகக் கிடைக்கும் புதுக் கட்டாக வாங்கி நானே மாட்டினேன். டிக்கிக் கதவின் உள்பக்கத்தை மட்டும் தொடவில்லை. அங்கே 1959-ன் பெயின்ட் அப்படியே இருக்கிறது. ஓட்டுநர் இருக்கையின் உறையும் பழையதுதான். இடது விளிம்பில் வெடித்த தையலை மட்டும் பிடித்துத் தைத்தேன். பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பான ஃபீவா 1966-ல் தொடங்கப்பட்டது. குறைந்தது 30 வயதான வாகனத்தையே அது வரலாற்று வாகனமாகக் கொள்கிறது. 2012-ல் அது ஏற்றுக்கொண்ட டூரின் சாசனம், இருப்பதைக் காப்பதை முதலிலும் புதுப்பிப்பதைப் பிறகும் வைக்கிறது. அதை நான் படித்தது வேலை பாதி முடிந்த பிறகு. முன்பே படித்திருந்தால் கதவு உள்பலகைகளையும் மாற்றாமல் விட்டிருப்பேன். இன்றும் அந்த இரண்டு பழைய பலகைகளைத் துணியில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன்.

எஞ்சின் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது வால்வ் இடைவெளி வைப்பது. எட்டு வால்வுகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் முழுவதும் மூடியிருக்கும்போதுதான் அதற்கும் அதை அமுக்கும் ராக்கர் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளக்க வேண்டும். எப்போது மூடியிருக்கும் என்று கண்டுபிடிக்கப் பழைய மெக்கானிக்குகள் ஒன்பது கணக்கு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்திலிருந்து எண்ணி, 8-ஆவது வால்வ் முழுவதும் அமுங்கித் திறந்திருக்கும்போது 1-ஆவதை அளக்க வேண்டும். 6 திறந்திருந்தால் 3. 5 திறந்திருந்தால் 4. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றுவேன். ஒரு வால்வ் கீழே இறங்கி நிற்கும். அதன் ஜோடிக்குப் போய் 0.012 அங்குலக் கனமுள்ள ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டைச் செருகுவேன். தகடு தாராளமாகப் போனால் இடைவெளி அதிகம். திணிக்க வேண்டியிருந்தால் குறைவு. இரண்டுக்கும் நடுவில், தகட்டை இழுக்கும்போது வெண்ணெய்க்குள் கத்தி போவதுபோல ஒரு மெல்லிய பிடிப்பு விரலில் தெரியும். அதுதான் அளவு. நட்டை இறுக்கும்போது அது ஒரு மயிரிழை நகரும். மறுபடி பார்க்க வேண்டும். எட்டையும் முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். வேறெந்த நினைப்பும் அண்டாத முக்கால் மணி நேரம் அது.

எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியபோதே, புகையை வெளியேற்றும் வால்வுகளுக்குக் கடினப்படுத்திய எஃகு சீட்டுகளை, அதாவது வால்வ் மூடும்போது உட்காரும் வளையங்களை, பொருத்திவிட்டேன். இந்த எஞ்சின் உருவான காலத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. வால்வ் சீட்டுகள் தேயாமல் அது காத்தது. உலகிலேயே கடைசியாக அல்ஜீரியாவும் 2021-ல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனையை நிறுத்திவிட்டது. ஈயமில்லாத பெட்ரோலில் வேகமாக ஓட்டினால் பழைய வார்ப்பிரும்புச் சீட்டுகள் மெல்லத் தேய்ந்து உள்வாங்கும். வேலையோடு வேலையாக அதை மாற்றியதில் ஏழு ஆண்டுகளாக வால்வ் இடைவெளிகள் ஏறக்குறைய வைத்த இடத்திலேயே நிற்கின்றன.

வால்வுகளைத் திறக்கவைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட்டைப் புதிதாகப் போட்டிருந்ததால் முதல்முறை ஸ்டார்ட் ஆனதும் எஞ்சினை மந்த வேகத்தில் விடாமல், 20 நிமிடம் ஏறக்குறைய 2,000 சுற்றுகளில் வைத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் கேமும் அதில் உரசும் டாப்பெட்டும் ஒன்றோடொன்று பழகும். எண்ணெய் அழுத்த விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகே மூச்சு விட்டேன். 20 நிமிடமும் கை ஆக்ஸிலரேட்டர் கம்பியில், கண் தண்ணீர்க் குழாயில், காது எஞ்சினில்.

இனி ஓட்டுவது. எடை ஏறக்குறைய முக்கால் டன். அதனால் 37 குதிரைத்திறனே தாராளம். மணிக்கு 70 கிலோமீட்டரில் மிக இயல்பாக ஓடும். 90-ஐத் தாண்டினால் ஓடும், ஆனால் காற்றும் எஞ்சினும் சேர்ந்து உரக்கப் பேசும். ஸ்டியரிங்தான் இந்தக் காரின் மகுடம். ஒரு பல்சக்கரம் பற்கள் கொண்ட சட்டத்தை நேராகத் தள்ளும் ரேக் அண்ட் பினியன் அமைப்பு. பவர் ஸ்டியரிங் எல்லாம் இல்லை. நின்ற இடத்தில் திருப்பக் கொஞ்சம் பலம் வேண்டும். வண்டி நகர்ந்துவிட்டால் இரண்டு விரல் போதும். சாலையில் சிறு சரளைக்கல் மேல் ஏறினாலும் அது எந்தச் சக்கரம் என்று உள்ளங்கை சொல்லும்.

கியர் மாற்றும்போது பற்களின் வேகத்தைத் தானே ஒன்றாக்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்கு இல்லை. ஏற்றத்தில் வேகம் விழுந்து, ஓடும்போதே இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்க வேண்டுமென்றால் கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்ச்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்றி, மறுபடி கிளட்ச்சை மிதித்து ஒன்றில் தள்ள வேண்டும். சரியான நொடியில் செய்தால் கம்பி தானாக உள்ளே நழுவும். தவறினால் பற்கள் உரசும் ஓசை வண்டி முழுவதும் கேட்கும். இந்தக் கியர்பாக்ஸைப் பிரித்து அந்தப் பற்களைக் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். விளிம்புகள் எங்கே மழுங்கியிருந்தன என்று தெரியும். அந்த ஓசை எழும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கும். முதல் ஆண்டு பலமுறை கேட்டேன். கடந்த மூன்று ஆண்டுகளில் கேட்டதாக நினைவில்லை.

பிரேக்கைப் பற்றி ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். முன்பக்க டிரம்களின் விட்டம் 7 அங்குலம். காலுக்கு உதவ செர்வோ கிடையாது. நீளமான இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூட்டில் பிடிப்பு குறையும். கியரைக் குறைத்து எஞ்சினால் பிடித்து இறங்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், பிரேக் எண்ணெய்க்கு ஒரே ஒரு வழிதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும், கைபிரேக் மட்டும் மிஞ்சும். ஆகவே குழாய்களையும் வீல் சிலிண்டர்களையும் புதிதாகப் போட்டேன். ஈரத்தை உறிஞ்சும் தன்மை பிரேக் எண்ணெய்க்கு உண்டு என்பதால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் வடித்து மாற்றுகிறேன். மிதிக்கும்போது பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநரின் காலடித் தளத்துக்குக் கீழே சட்டத்துக்குள் புதைந்திருக்கிறது. அதன் போல்ட்டை உருவ சஸ்பென்ஷனில் ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பியான டார்ஷன் பாரையே நகர்த்த வேண்டும். நாள் முழுக்க ஆகும் வேலை. சோம்பலில் அதைத் தள்ளிப்போட்டுவிட்டு இந்தக் காரை ஓட்டாதீர்கள். இன்றைய கார் தரும் பாதுகாப்பு இதில் இல்லை. சீட் பெல்ட்டுகளை வலுவான இடத்தில் பொருத்தியிருக்கிறேன். காற்றுப்பை இல்லை, நொறுங்கி அதிர்ச்சியை வாங்கும் முன்பகுதி இல்லை. முன்னால் போகும் வண்டிக்கும் எனக்கும் நடுவில் மற்றவர்கள் விடுவதைவிட இரு மடங்கு இடைவெளி விடுகிறேன். யாராவது அந்த இடத்தில் புகுந்தால் மறுபடி பின்வாங்குகிறேன்.

திரும்பும் திசையைக் காட்ட, கதவுத் தூணிலிருந்து ஒரு சிறு கை வெளியே எழும். நுனியில் ஆரஞ்சு வெளிச்சம். 1961-ல்தான் மைனரில் அதை நிறுத்தி மின்னும் விளக்குகளுக்கு மாறினார்கள். என் காரின் இடது கை தூசியில் இறுகி எழாமல் இருந்தது. மின்காந்தச் சுருளை எடுத்துத் துடைத்து, கீலில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு துளி விட்டதும் 'கிளிக்' என்று எழுந்து நின்றது. பக்கத்தில் நின்று பார்க்கும் குழந்தைகளுக்கு இந்தக் காரிலேயே மிகவும் பிடித்த பாகம் அதுதான். ஆனால் இன்றைய சாலையில் பின்னால் வருபவர் கண்ணில் அது படாது. எனவே மின்னும் விளக்குகளையும் சேர்த்தேன். நான் செய்த மாற்றங்கள் மிகக் குறைவு: இந்த விளக்குகள், சீட் பெல்ட், ரேடியல் டயர், கூடுதல் ஃபியூஸ்கள். மொத்த வண்டிக்கும் இரண்டே ஃபியூஸ்கள்தான் இருந்தன. பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்த பழைய முறையை மட்டும் மாற்றவில்லை. அதனால் போன் சார்ஜர் போன்றவற்றை மாட்டும்போது இரட்டைக் கவனம் தேவை.

ஏழு ஆண்டில் வழியில் நின்றது மூன்று முறை. முதலாவது கண்டென்சர். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு திடீரென்று செத்தது; அரைமணி ஆறியதும் ஓடியது; மறுபடி செத்தது. ஸ்பார்க்கைப் பார்த்தால் நீலமாகச் சொடுக்க வேண்டிய பொறி மஞ்சளாகச் சோர்ந்து விழுந்தது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் விரல்நுனி அளவுள்ள இந்தக் கண்டென்சர்தான் காரணம். மாற்றப் பத்து நிமிடம். அன்றிலிருந்து ஒரு கண்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டரின் தொடுமுனைகளான பாயின்ட் ஒரு ஜோடி, 0.015 அங்குல ஃபீலர் தகடு, ஒரு ஸ்க்ரூடிரைவர் எப்போதும் டேஷ்போர்டு அறையில் இருக்கும். இரண்டாவது, டயர் மாற்றக் கொடுத்த இடத்தில் சக்கர நட்டுகளை ஏர் கன்னால் வெறித்தனமாக இறுக்கியதில் நட்டு பூட்டும் ஸ்டட் ஒன்று அறுந்தது. அதன் பிறகு சக்கரத்தை நானே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன், நானே மாட்டுகிறேன். மூன்றாவது பஞ்சர்.

நிற்காமல் தப்பித்த ஒரு நாள்தான் எனக்கு முக்கியம். நான்காவது ஆண்டு, ஒரு காலையில் சாவியைத் திருப்பினேன். பம்ப் வழக்கம்போல அடித்தது, தளர்ந்தது, அடங்கியது. ஸ்டார்ட்டர் குமிழில் கை வைத்தேன். அப்போது ஒரு 'டக்'. ஐந்தாறு நொடி கழித்து இன்னொரு 'டக்'. நிறைந்த கிண்ணத்துக்குப் பம்ப் ஏன் மறுபடி அடிக்க வேண்டும்? எங்கோ பெட்ரோல் வெளியே போகிறது. சாவியை அணைத்துவிட்டு பானெட்டைத் திறந்தேன். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் இடையிலான ரப்பர் குழாய், கிளிப்புக்குக் கீழே வியர்த்து நின்றது. விரலால் அழுத்தினால் பிசுபிசுவென்று மிருதுவாக இருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வகை ரப்பரை இப்படித்தான் அரிக்கும். அதற்கு நேர் கீழே சூடான எக்ஸாஸ்ட். அந்த 'டக்'கைக் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே விரும்பவில்லை. எத்தனாலைத் தாங்கும் குழாய்களை டேங்க் முதல் கார்புரேட்டர்வரை அன்றைக்கே மாற்றினேன். பம்பைப் பிரித்துப் பார்க்காத ஒருவருக்கு அந்த ஓசை எதையும் சொல்லியிருக்காது. பட்டறையில் செலவழித்த நான்கு ஆண்டுகளை வீண் என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது அந்தக் காலைதான்.

கார்புரேட்டரும் இப்படியே பேசும். பக்கவாட்டில் ஒரு சிறு ஊசி இருக்கும். எஞ்சின் ஓடும்போது அதை விரலால் தள்ளி உள்ளே இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துவேன். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். இருமி அணையப் பார்த்தால் குறைவு. ஒரு நொடி லேசாக ஏறித் தன் நிலைக்குத் திரும்பினால் கலவை சரி. கம்ப்யூட்டர் இல்லை, விளக்கு இல்லை, ஒரு விரலும் ஒரு காதும் போதும். லிட்டருக்கு 13 முதல் 14 கிலோமீட்டர் வருகிறது.

பராமரிப்பு இன்றைய கார்களைவிட அதிகம். எண்ணெயை 3,000 மைலுக்கு ஒருமுறை மாற்றுகிறேன். அதைவிடவும் தள்ளிப்போடக் கூடாதது முன்சக்கரங்களைத் தாங்கும் மரை மூட்டுகளான ட்ரனியன்களுக்குக் கிரீஸ் போடுவது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைத் தாங்கும் கால் ஒரு மரைக்குள் சுழல்கிறது. அந்த மரை கிரீஸ் இல்லாமல் தேய்ந்து விட்டுக்கொடுத்தால் சக்கரம் மடிந்து வண்டி முன்பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும். 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் கன்னோடு படுத்துவிடுகிறேன். ஜாக்கில் தூக்கி, சக்கரத்தில் எடை இல்லாதபோது அடித்தால்தான் கிரீஸ் மரையின் எல்லாப் பக்கமும் போய்ச் சேரும். பழைய கிரீஸ் கறுப்பாக வெளியே வந்து, பின்னால் புதியது தேன்நிறத்தில் எட்டிப்பார்க்கும்வரை அடிக்க வேண்டும். டயர்களில் பூ தேயாமலே வயதாகிவிடும். பக்கச்சுவரில் நான்கு எண்கள் இருக்கும், 2316 என்றால் 2016-ன் 23-ஆவது வாரம் செய்தது. பூவைப் பார்த்து ஏமாறாமல் அதைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று, இதில் நான் யாரோடும் ஒத்துப்போகத் தயாராக இல்லை. புதுப்பித்த காரை உறைபோட்டு மூடி நிறுத்திவைப்பது அதைக் கெடுப்பதாகும். மூன்றாவது ஆண்டு உடல்நலக் குறைவால் நான்கு மாதம் வண்டியை எடுக்கவில்லை. திரும்பி வந்து பார்த்தால் பின்சக்கர வீல் சிலிண்டர் ஒன்று இறுகிப்போயிருந்தது, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் பெட்ரோல் பிசினாகப் படிந்திருந்தது. அந்த ஆண்டு முழுவதும் ஓடியிருந்தால் இரண்டுமே வந்திருக்காது. இப்போது வாரம் ஒருமுறையாவது 30 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். எண்ணெய் முழுச் சூட்டுக்கு வந்து, எஞ்சினுக்குள் கட்டிய ஈரம் ஆவியாகிப் போக அவ்வளவு தூரம் வேண்டும். மழையில் போய் வந்தால் அடிப்பகுதியைக் கழுவி, காயவைத்து, துருவைத் தடுக்கச் சில்லுக்குள் மெழுகு பீய்ச்சிய ஓட்டைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்க்கிறேன். பட்டறையின் விளக்கடியில் நின்ற நாளைவிட இன்று என் கார் அழகு குறைவுதான். பானெட்டில் கல் தெறித்த புள்ளிகள் இருக்கின்றன, முன் பம்பரில் ஒரு கீறல் இருக்கிறது. ஆனால் அன்றையதைவிட இன்று நன்றாக ஓடுகிறது.

ஸ்பீடோமீட்டர் கணக்குப்படி அடுத்த கிரீஸுக்கு இன்னும் 60 மைல் இருக்கிறது. வலது பின்சக்கரத்தில் ஆக்சில் எண்ணெய் லேசாகக் கசியத் தொடங்கியிருப்பதைப் போன வாரம் பார்த்தேன். டிரம்மின் உள்விளிம்பில் ஈரம். புது சீல் வந்துவிட்டது. இந்த ஞாயிறு ஒரு நீண்ட ஓட்டம் போய்வந்து, வண்டி ஆறியதும் இரண்டு வேலையையும் ஒன்றாகப் பார்த்துவிடுவேன்.